பொன்னேரி கோயில் காடு, மீஞ்சூர் முந்திரித் தோப்பு, மாதவரம் மியாவாக்கி: செடி வகை எங்க அதிகம்?

கொசஸ்தலைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். எங்க வட்டத்துல ரொம்ப நாளா ஓடிட்டு இருக்கிற ஒரு சண்டையை இங்க கொண்டாந்து வைக்கிறேன்.

மூணு இடம் பார்த்தோம். பொன்னேரிக்கு வடக்கால ஒரு ஐயனார் கோயில் காடு. ஊர் பேரு வேண்டாம், காரணம் அப்புறம் சொல்றேன். ஊர்ப் பெரியவங்களோட தாத்தா காலத்துலயும் அது காடாத்தான் இருந்துச்சாம். அடுத்தது மீஞ்சூர் பக்கம், பங்காளித் தகராறுல கைவிட்டுப் போன முந்திரித் தோப்பு. யாரும் உள்ள போய் முப்பது வருஷம் இருக்கும். மூணாவது மாதவரம் தாண்டி, ஒரு குடியிருப்புக்குள்ள பூங்காவுக்குன்னு விட்ட நிலத்துல மியாவாக்கி முறைல, அதாவது பல வகைக் கன்னுகளைக் கலந்து ரொம்ப நெருக்கமா நட்டது. நாலஞ்சு வயசுதான், ஆனா உள்ள நுழைய முடியாத அடர்த்தி.

மூணுலயும் பத்துக்குப் பத்து மீட்டர் கயிறு கட்டி, உள்ள இருக்கிற செடி, கொடி, மரம் எல்லாத்தையும் பேர் எழுதினோம். மியாவாக்கிதான் முதல். அடுத்து முந்திரித் தோப்பு. கோயில் காடு கடைசி! ஊர்ல எல்லாரும் "பழைய காடு, பழைய காடு"ன்னு தலைல தூக்கி வைக்கிறாங்க, எண்ணிப் பார்த்தா நேத்து நட்டது ஜெயிக்குது. அப்ப காட்டோட வயசுக்கு மரியாதையே இல்லையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வியாசை வெயில்

நட்டவங்க லிஸ்ட்டை எண்ணிட்டு காட்டை எண்ணினேன்னு சொல்றியே நைனா. நர்சரிக்குள்ள போய் கயிறு கட்டு, இன்னும் அதிகமா வரும்.

மணலி மாமி

வெயில் தம்பி, கிண்டல் பண்ண ஈஸி. எங்க பக்கம் ஜன்னலைத் திறந்தா என்ன வாசனை வரும்னு உனக்கே தெரியும். எந்த மரமா இருந்தா என்ன, பச்சையா நாலு இலை இருந்தா போதும்னு இருக்கோம். கோயில் காட்டை வீட்டு வாசலுக்குக் கொண்டுவர முடியுமா? மியாவாக்கி வந்துச்சு. அதையும் நொட்டை சொன்னா எப்படி.

ஓய்வுபெற்ற தாவரவியல்

கொசஸ்தலைக்காரன் தம்பிக்கு: நீங்கள் எண்ணியது தவறில்லை. ஆனால் அந்த எண்ணுக்குள் மூன்று வெவ்வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. மனிதன் நட்டது, தானாக வந்தது, எப்போதும் அங்கேயே இருந்தது. மியாவாக்கித் திட்டில் நீங்கள் எழுதிய பேர்களில் பெரும்பாலானவை முதல் வகை. அது காட்டின் பன்மை அல்ல, கன்று வாங்கியவரின் ரசனை.

இந்தக் கடலோரத்துக்கென்று ஒரு காடு உண்டு. 1968இல் சாம்பியன், சேத் என்ற இரண்டு வனவியலாளர்கள் இந்தியக் காடுகளை வகைப்படுத்தியபோது இதற்குத் தனி இடம் கொடுத்தார்கள்: வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. வருடத்தில் பாதிக்கு மேல் மழை இல்லை, இருந்தும் இலை உதிர்ப்பதில்லை. வடகிழக்குப் பருவமழை மூன்று மாதம் கொடுப்பதை வைத்து மற்ற மாதங்களை ஓட்டுகிற காடு. மரங்கள் உயரமில்லை. ஒன்பது முதல் பன்னிரண்டு மீட்டருக்குள் கூரை மூடிவிடும். உலக்கைப்பாலை, வீரை, காயா, கருங்காலி, நாவல் மேலே. காட்டு எலுமிச்சை, கொஞ்சி, தரணி, களா, காரை நடுவில். இவற்றையெல்லாம் கட்டிப்போடுகிற கொடிகள் தனி.

கோயில் காட்டுக்குள் தரை இருட்டாக இருந்திருக்குமே? இருட்டில் நாயுருவியும் குப்பைமேனியும் முளைக்காது. அதனால்தான் உங்கள் பட்டியல் அங்கே குட்டையாகிவிட்டது. வெளிச்சம் உள்ள இடத்தில் களைச்செடிகளே பத்து, பதினைந்து பேர் சேர்த்துவிடும். தோப்பு இரண்டாவதாக வந்ததற்கும் அதுதான் முக்கியக் காரணமாக இருக்கும்.

ஒரு வேலை செய்யுங்கள். பட்டியலை எடுத்து ஒவ்வொரு பேருக்கும் எதிரே "நட்டது", "தானாக வந்தது" என்று குறியுங்கள். இரண்டாவது கேள்வி: அந்த மரத்தின் கன்று, இளமரம், பெரிய மரம் மூன்றும் அதே இடத்தில் இருக்கிறதா? பிறகு பேசலாம்.

கணக்குப்புள்ள

சார் சொன்னது சரி. நான் கணக்குப் பக்கம் மட்டும் சேர்க்கிறேன்.

ஒரு கட்டம் வெச்சு எந்தக் காட்டையும் ஒப்பிட முடியாது. நட்ட இடத்துல எல்லா வகையையும் வேணும்னே பக்கத்துப் பக்கத்துல கலந்து வைப்பாங்க, அதனால ஒரு கட்டத்துலயே மொத்தமும் வந்துடும். அடுத்த கட்டம் போட்டா புதுசா எதுவும் ஏறாது. இயற்கைக் காட்டுல அப்படி இல்ல. இங்க ஒரு காயாக் கூட்டம், அந்தப் பக்கம் தாழ்வுல வேற கூட்டம், புத்து மேட்டுல வேற. கட்டம் கூடக் கூட எண்ணிக்கை ஏறிட்டே போகும். அந்த ஏற்றத்தை வரைஞ்சு பாருங்க. எங்க கோடு படுக்குதுன்னு பார்த்தாத்தான் ஒப்பிட முடியும்.

கட்டத்தையும் பிரிச்சுக்கங்க. மரத்துக்குப் பத்து மீட்டர், புதருக்கு அதுக்குள்ளயே அஞ்சு மீட்டர், தரைச்செடிக்கு ஒரு மீட்டர் சின்னக் கட்டம் நாலஞ்சு. மரம்னா மார்பளவு உயரத்துல சுற்றளவு எடுங்க. எந்த மாசம் எண்ணினீங்க? சித்திரைல ஒரு இடமும் மார்கழில ஒரு இடமும் எண்ணியிருந்தா எல்லாம் வீண். மழைக்கப்புறம் வர்ற ஒருபருவச் செடி பாதி, வெயில்ல தடயமே இல்லாம போயிடும்.

இன்னொண்ணு, மூணு இடத்தையும் தனித்தனியா ரேங்க் போடாதீங்க. எந்தச் செடி எந்த இடத்துல மட்டும் இருக்குன்னு பாருங்க. கோயில் காட்டை அழிச்சா இந்த வட்டாரத்துப் பட்டியல்ல எத்தனை பேர் மொத்தமா அடிபடும்? மியாவாக்கியை அழிச்சா எத்தனை? சண்டை அங்கதான் தீரும்.

தண்டையார்பேட்டை தட்டான்

பாம்பு இல்லையா அந்தக் கோயில் காட்டுல?

கொசஸ்தலைக்காரன்

இருக்கு அண்ணே. செருப்பு போட்டுட்டு உள்ள போகக்கூடாதுன்னு ஊர்க் கட்டுப்பாடு வேற. கால் எங்க வைக்கிறோம்னு பார்க்கிறதுக்கே பாதி நேரம் போச்சு.

ராயபுரம் டு ஹெர்ட்ஃபோர்ட்ஷைர்

தலைப்பு பார்த்ததும் உள்ள வந்துட்டேன். இங்கிலாந்துல நான் இப்ப இருக்கிற ஊருக்குப் பக்கத்துல ஹார்ப்பெண்டன்ல ரோத்தம்ஸ்டெட்னு ஒரு பழைய விவசாய ஆராய்ச்சி நிலையம். அங்க பிராட்பாக்னு ஒரு கோதுமை வயல். 1882ல அதோட ஒரு ஓரத்துல மட்டும் அறுவடை பண்ணாம அப்படியே விட்டாங்க. உழவு இல்ல, விதைப்பு இல்ல. நாலு வருஷத்துல கோதுமை கிட்டத்தட்ட காணாம போச்சு, மிஞ்சின சில பயிரும் அடையாளம் தெரியாத அளவுக்குச் சூம்பிப் போச்சு. இன்னிக்கு அதுல மரத்தை வெட்டாம விட்ட பகுதி ஓக், ஆஷ், முள்மரம் எல்லாம் நிக்கிற முழுக் காடு.

ஆனா அது இங்க அரசுக் கணக்குப்படி, பேச்சுப்படி "தொன்மையான காடு" கிடையாது. இங்கிலாந்துல 1600ல இருந்து தொடர்ந்து காடா இருந்தாத்தான் அந்தப் பேரு. ஸ்காட்லாந்துல 1750. வித்தியாசத்தை மரத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டாங்க, தரையைப் பார்த்துச் சொல்லுவாங்க. புளூபெல், அனிமோன், டாக்ஸ் மெர்க்குரின்னு சில பூண்டுகள் பழைய காட்டுத் தரையில்தான் கூட்டமா வரும். அனிமோன் பரவுறது நூறு வருஷத்துக்கு ஆறடின்னு சொல்லுவாங்க. அதனால பக்கத்து வயல் காடானாலும் அதுக்குள்ள போய்ச் சேர அதுக்கு நேரம் பத்தாது. ஆலிவர் ராக்கம், ஜார்ஜ் பீட்டர்கன்னு ரெண்டு காட்டு ஆய்வாளர்களும் இதை வெச்சே காட்டோட வரலாற்றை வாசிச்சாங்க.

எண்ணிக்கை ஏமாத்தும்ங்கிறதுக்கு ஃபிரான்ஸ்ல ஒரு நல்ல உதாரணம் இருக்கு. ட்ரோன்சேன்னு ஒரு காடு. அதுக்குள்ள ரோமானியர் காலத்துக் குடியிருப்புகளோட இடிபாடு கிடக்கு. 2007ல வந்த ஆய்வு: அந்த இடிபாட்டுக்குப் பக்கத்துலதான் செடி வகை அதிகம், தள்ளிப் போகப் போகக் குறையுது. காரணம், ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி உழுதவன் போட்ட எரு இன்னும் மண்ணுல இருக்கு. அதாவது, அதிகமா இருக்கிற இடம்தான் கலைஞ்ச இடம்.

நம்ம ஊர்ல புளூபெல் வேலையைச் செய்யிறது எதுன்னு சார்தான் சொல்லணும்.

ஓய்வுபெற்ற தாவரவியல்

நல்ல கேள்வி. இங்கே தரைப்பூண்டை நம்ப முடியாது, கோடையில் அது மண்ணுக்குள் போய்விடும். நான் பார்ப்பது இரண்டு. ஒன்று, தடித்த கொடிகள். தொடை பருமனில் ஒரு கொடி மரத்துக்கு மரம் தாவிப் போகிறது என்றால், அது ஏறிய காலத்திலேயே அங்கே ஏறுவதற்கு மரம் இருந்திருக்கிறது. புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் குழந்தைகுப்பம், திருமாணிக்குழி கோயில் காடுகளைக் கட்டம் போட்டு ஆராய்ந்த புதுவைப் பல்கலைக்கழகத்தின் பார்த்தசாரதி மரங்களோடு நிற்காமல் இந்தக் கொடிகளையும் தொடர்ந்து எண்ணினார். இரண்டு, காயாவும் வீரையும். வளர்வது மிக மெதுவு, நிழலில்தான் பிழைக்கும், அதிலும் மணற்பாங்கான வெட்டவெளியில் ஒரு சித்திரையைத் தாண்டாது. இவற்றின் கன்றுகள் தாய்மரத்தடியிலேயே பல வயதில் நின்றால், அந்த இடம் நெடுங்காலம் கலையவில்லை.

மணலி அம்மாவுக்கு ஒன்று. மியாவாக்கியை நான் திட்டவில்லை. அகிரா மியாவாக்கி ஜப்பானில் தம் மரங்களை எங்கே தேடினார் தெரியுமா? ஷின்டோ கோயில்களைச் சுற்றி வெட்டப்படாமல் இருந்த பழைய தோப்புகளில்தான். அந்த மண்ணில் இயல்பாக எது நிற்கும் என்று அங்கே பார்த்து, அதன் விதையை எடுத்து நட்டார். நம் ஆட்கள் அடர்த்தியை மட்டும் எடுத்துக்கொண்டு, மகாகனி, தேக்கு, செம்மரம் என்று கிடைத்ததை நட்டுவிட்டு அவர் பேரை வைத்துவிடுகிறார்கள்.

மணலி மாமி

இது எனக்குத் தெரியாது சார். அப்ப எங்க திட்டுக்கு லிஸ்ட் எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்கிறேன்.

வியாசை வெயில்

கான்ட்ராக்ட்காரர்கிட்ட இருந்து வந்திருக்கும், வேற எங்க.

பழவேற்காட்டுப் படகு

எங்க ஏரிக்கு அந்தாண்ட ஸ்ரீஹரிகோட்டா. ஆந்திராவுல இருக்கு, ஆனா இந்தக் கரைக் காட்டோட நல்ல மிச்சம் அங்கதான். ராக்கெட் தளம் வந்தது காட்டுக்கு அதிர்ஷ்டம், அங்கயே வாழ்ந்த யானாதிப் பழங்குடி சனங்களுக்கு இல்ல. 1971லயே முதல் ராக்கெட் விட்டாங்க. அப்ப இருந்து வெளியாள் கோடாலி உள்ள போகல.

அதுக்கு முந்தி? மெட்ராஸுக்கு அடுப்பெரிய விறகு அங்க இருந்துதான் பக்கிங்காம் கால்வாய்ல படகுல போச்சு. வடசென்னைல விறகுத் தொட்டின்னு சொல்லுவாங்களே, அங்க அடுக்கி இருந்ததுல எத்தனை உலக்கைப்பாலையும் காயாவுமோ. கால்வாயோட முதல் துண்டை, எண்ணூர் வரைக்கும், 1806லயே வெட்டிட்டாங்க. அப்ப இந்தக் காட்டை வெட்டாத காடுன்னும் சொல்ல முடியாது. தலைமுறை தலைமுறையா வெட்டியும் திரும்பி வந்திருக்கு. எங்க பக்கம் பெருசுங்க சொல்லும்: வெட்டினா வரும், தோண்டினா வராது.

ஓய்வுபெற்ற தாவரவியல்

படகு தம்பி சொன்னதை எல்லாரும் கவனியுங்கள். இந்தக் காட்டு மரங்கள் பலவும் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தளிர்க்கும். மேலே பார்த்தால் கைப் பருமன் தண்டு, இருபது வயது என்பீர்கள். கீழே தூர் நூறு வருடமாக இருக்கலாம். ஆகையால் காட்டின் வயது மரத்தின் பருமனில் இல்லை. மண்ணைப் புரட்டாத காலம்தான் வயது. முந்திரி போட ஒருமுறை உழுது தூரைப் பிடுங்கிவிட்டால் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

கிண்டி எதிர்ப்பாளன்

தெக்க கவர்னர் தோட்டம்னு வேலி போட்டதால கிண்டி தப்பிச்சது. 1978ல தேசியப் பூங்கா, 270 ஹெக்டேர், ஊர் நடுவுல. அடையார்ல பிரம்மஞானசபை, தாம்பரத்துல எம்சிசி காலேஜ், எல்லாம் அங்கதான். வடக்க எங்களுக்குக் கிடைச்சது சாம்பல் குளமும் எண்ணெய் டேங்கும். அதான் ஐயனார் கோயிலைக் கட்டிப் பிடிச்சிட்டு இருக்கோம். இழைக்குச் சம்பந்தம் இல்லாம பேசலைங்க. பக்கத்துல தாய்க்காடு இல்லன்னா தோப்பு நூறு வருஷம் சும்மா கிடந்தாலும் பாலை எங்க இருந்து வரும்?

கொசஸ்தலைக்காரன்

இதுதாங்க விஷயம். சார் சொன்ன மாதிரி பட்டியலைப் பிரிச்சுட்டேன்.

மியாவாக்கில நட்டதை எடுத்துட்டா மிச்சம் ஒரு கைப்பிடி. வேப்பங்கன்னு, சவுண்டல், மூக்கிரட்டை, நாயுருவி, வேலி ஓரத்துல வேலிக்காத்தான். நட்ட மரம் எதுவும் இன்னும் அடியில குஞ்சு பொரிக்கல. நாலு வயசுல எதிர்பார்க்கிறதும் தப்புதான்.

தோப்புதான் எனக்கு ஆச்சரியம். முந்திரி பாதி காஞ்சு விழுந்துடுச்சு, அந்த இடைவெளில வேம்பு, நாவல், நுணா, ஈச்சை, காரை, சூரை, கொஞ்சி. ஏறினதுல பிரண்டை, ஆதண்டை, சிறுகுறிஞ்சான், குன்றிமணி. இதுல முக்கால்வாசி பழந்தின்னிச் சரக்கு. குயிலு, மைனா, கொண்டைக்குருவி, வௌவால் எது முழுங்கித் துப்புமோ அது வந்திருக்கு. காயா ஒண்ணு கூட இல்ல. வீரை இல்ல. பாலை இல்ல. முப்பது வருஷத்துல பறவை கொண்டாந்தது இவ்வளவுதான்.

கோயில் காட்டுல பேர் கம்மி. ஆனா எழுதின பேர்ல பாதிக்கு மேல மத்த ரெண்டு இடத்துலயும் கிடையாது. காயா கன்னு முழங்கால் உசரம், இடுப்பு உசரம், ஆள் உசரம்னு வரிசையா நிக்குது. கிளைல ஆர்க்கிட் வேற ஒட்டிட்டு இருந்துச்சு, அதை நான் செடிக் கணக்குல சேர்க்கவே இல்ல.

வேலிக்காத்தான் விசிறி

எல்லாரும் என்னை அடிப்பீங்க, பரவாயில்ல. அத்திப்பட்டு பக்கம் பழைய வேலிக்காத்தான் புதருக்கு அடியில வேம்பும் ஈச்சையும் முளைச்சு நான் பார்த்திருக்கேன். மாடு மேயாத இடம் அது ஒண்ணுதான். அதையும் ஒரு இளங்காடுன்னு நாலாவதா எண்ணலாமே?

கணக்குப்புள்ள

எண்ணலாம். எண்ணணும். 2022ல தமிழ்நாடு அரசே அயல் தாவரங்களை நீக்குறதுக்குக் கொள்கை கொண்டுவந்துச்சு. புல்டோசர் வெச்சு ஒரே நாள்ல சுத்தம் பண்ணிட்டு மொட்டைத் தரைய விட்டா மறு மழைக்கே அதே வேலிக்காத்தான் திரும்பி வரும். அடியில என்ன முளைச்சிருக்குன்னு ஒரு கணக்கு இருந்தா, எதை விட்டு எதை வெட்டணும்னு தெரியும்.

ஓய்வுபெற்ற தாவரவியல்

ஆரோவில்லில் இதுபோல் நடந்திருக்கிறது. 1968க்குப் பிறகு அரித்துப்போன செம்மண்ணில் முதலில் ஆஸ்திரேலிய வேலமரத்தை நிழலுக்காக நட்டார்கள். அதன் அடியில்தான் உள்ளூர்க் காட்டு மரங்களைக் கொண்டுவந்தார்கள். ஆனால் அங்கே விதை தேடி ஆட்கள் பழைய கோயில் காடுகளுக்கு நடந்தார்கள். வேலிக்காத்தானுக்கு அடியில் பாலை தானாக வந்துவிடும் என்று யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

தண்டையார்பேட்டை தட்டான்

தோப்புக்கு முப்பது வயசு, காட்டுக்குத் தாத்தா காலம்னு வாய்ப்பேச்சா சொல்றீங்க. ஆதாரம்?

சர்வேயர் பேரன்

தாலுகா ஆபீஸ்ல ஏ ரெஜிஸ்டர்னு நிலப் பதிவேடு இருக்கும், பாருங்க. சர்வே நம்பருக்கு எதிர்ல தோப்பு, கோயில் புறம்போக்கு, மேய்க்கால்னு வகைப்பாடு இருக்கும். அடங்கல்ல எந்த வருஷம் என்ன பயிர்னு வரும், முந்திரி எப்ப நின்னதுன்னு அதுலயே தெரிஞ்சுடும். சர்வே ஆஃப் இந்தியா பழைய டோப்போ ஷீட்ல, அதாவது நில வரைபடத்துல, காடு இருந்தா பச்சைல போட்டிருப்பான். 1960கள்ல அமெரிக்கா எடுத்த கொரோனா செயற்கைக்கோள் உளவுப் படங்களை 1995ல வெளில விட்டாங்க. அந்தக் கோயில் காடு அப்ப எவ்வளவு பெருசு, இப்ப எவ்வளவுன்னு நேராவே அளந்துடலாம். ஒரு எச்சரிக்கை: ரெஜிஸ்டர்ல தோப்புன்னு இருக்கிறதால அங்க மரம் இருந்துச்சுன்னு அர்த்தம் இல்ல. வரி போட எழுதினது அது.

எண்ணூர் அலை

வர்தா புயலை மறந்துட்டீங்களா? 2016 டிசம்பர் 12. எங்க தெருவுல இருந்த தூங்குமூஞ்சி, கொன்றை எல்லாம் வேரோட சாஞ்சுது. கோயில் காட்டுலயும் பெரிய மரம் விழுந்து வெளிச்சம் பாய்ஞ்ச இடம் இருக்கும். அந்த இடத்துல கட்டம் போட்டா வேற கதை வரும்.

கொசஸ்தலைக்காரன்

இருக்குங்க, கிழக்கு ஓரத்துல. அங்க உண்ணிச்செடி ஏறிடுச்சு. அந்த ஒரு துண்டை மட்டும் எண்ணினா கோயில் காடுதான் மியாவாக்கியைத் தாண்டும், எல்லாம் களை. அதனாலதான் ஓரத்தை விட்டு உள்ள கட்டினோம். இனிமே உள்ள, ஓரம், விழுந்த இடம்னு தனித்தனியா எழுதப் போறோம்.

ஊர் பேரு ஏன் சொல்லலன்னு ரெண்டு பேர் தனியா கேட்டிருந்தீங்க. கருங்காலி மாலை போடுற மோகம் வந்ததுல இருந்து, கருங்காலி நிக்கிற இடத்தைப் பொதுவுல எழுதுறது அந்த மரத்துக்கு நல்லதில்ல. அவ்வளவுதான்.

மணலி மாமி

எங்க திட்டுல மகாகனி காஞ்சு ஒரு மூலை காலியாத்தான் கிடக்கு. அங்க காயா வைக்கணும்னா கன்னு எங்க கிடைக்கும்?

ஓய்வுபெற்ற தாவரவியல்

நர்சரியில் தேடி அலையாதீர்கள் அம்மா. ஊர்க்காரர்களிடமும் பூசாரியிடமும் கேட்டு, கீழே விழுந்த பழத்தை மட்டும் பொறுக்குங்கள், அதிலும் பாதியைக் காட்டுக்கே விடுங்கள். சதையைக் கழுவி ஈரம் காயும் முன் பையில் போட வேண்டும். நாவல் போல இந்தக் காட்டு விதைகள் பலவும் காயவைத்தால் உயிர் போய்விடும். முதல் இரண்டு, மூன்று வருடம் வளர்ச்சியே தெரியாது. பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். இருக்கிற மரங்களின் நிழலிலேயே வையுங்கள், வெயில் மூலையில் வேண்டாம்.

கொசஸ்தலைக்காரன்

அடுத்த எண்ணிக்கை தை பிறந்ததும், மழை ஈரம் இருக்கும்போதே. மூணு இடமும் ஒரே வாரத்துல. வேலிக்காத்தான் விசிறி சொன்ன அத்திப்பட்டு புதரையும் சேர்த்துக்கறோம். மரம் பார்க்க ஆள் இருக்கு, கொடிக்கு சார் வரேன்னு சொல்லியிருக்கார். புல்லும் கோரையும் எங்க யாருக்கும் பிடிபடல, "புல் ஒண்ணு, புல் ரெண்டு"ன்னு எழுதி வெச்சிருக்கோம். தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க.

வியாசை வெயில்

நான் எம்.எஸ்சி.ல புல்லுதான் பண்ணேன். வரேன். ஆனா செருப்பு இல்லாமன்னா யோசிக்கணும்.